நிச்சயதார்த்த மோதிரம்: 40 சென்ட் ஒற்றைக் கல், 22 கேரட்டிலா 18 கேரட்டிலா?

ஈரோடு_ரா

தை மாசம் நிச்சயம். பொண்ணுக்குப் போட ஒற்றைக் கல் வைர மோதிரம் பார்க்கிறோம், 40 சென்ட் (0.40 கேரட்), வட்டக் கல். அம்மா 916லதான் செய்யணும்னு நிக்கிறாங்க. கடையில 18 கேரட்தான்னு சொல்றாங்க. அதுல ஈ.எஃப். நிறம், வி.வி.எஸ். சுத்தம்னு கல்லு, கடையோட சொந்த சர்டிஃபிகேட். இன்னொரு கடையில அதே விலைக்கு லேப் வைரம் (ஆய்வகத்துல வளர்த்தது) ஒரு கேரட்டுக்கு மேலயே கிடைக்கும்ங்கறாங்க. பொண்ணு நர்ஸ், நாள் முழுக்க கையுறை போடற வேலை. வீட்டுல சமையலும் உண்டு. எதைப் பார்த்து வாங்கணும், எதுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லைன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லூப்_பத்து

முதலில் சர்டிஃபிகேட். கடை தன் சரக்குக்குத் தானே கொடுக்கும் தாள் உங்களுக்கு உதவாது. ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. போன்ற வைரப் பரிசோதனை ஆய்வகத்தின் அறிக்கை கேளுங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் அறிக்கை எண்ணை லேசரில் பொறித்திருந்தால் பத்து மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) படிக்க முடியும். அந்த எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் போட்டு, எடையும் மி.மீ. அளவும் ஒத்துப் போகிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

அடுத்தது, வி.வி.எஸ்.ஸுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்தத் தரத்தின் குறைகள் லூப்பிலேயே தேடித்தான் தெரியும். அதற்குக் கீழுள்ள வி.எஸ்.2 கல்லும் வெறுங்கண்ணுக்குச் சுத்தம்தான். இன்னும் ஒரு படி கீழே எஸ்.ஐ.1 எடுத்தால் நடு மேசைக்கு (கல்லின் தட்டையான மேல் முகம்) கீழே கறுப்புப் புள்ளி இல்லாததாகப் பாருங்கள். அறிக்கைப் படத்தில் 'ஃபெதர்' என்ற விரிசல் விளிம்பைத் தொட்டால் அந்தக் கல்லே வேண்டாம். பதிக்கும்போது அங்கேதான் உடையும். நிறமும் அப்படித்தான், எழுத்து ஈ, எஃப், ஜி என்று தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும். மஞ்சள் தங்கத்தில் உட்காரும் கல்லுக்கு ஈ.எஃப். வீண் செலவு, ஜி-ஹெச் தாராளம், ஐ கூட வெள்ளையாகத்தான் தெரியும்.

மிச்சமாகும் பணம் முழுக்கக் கட்டுக்கு, அதாவது பட்டை தீட்டிய நேர்த்திக்குப் போகட்டும். ஜொலிப்பு அங்கிருந்துதான் வருகிறது. வட்டக் கல்லுக்கு 'எக்ஸலன்ட்' கட் என்பதோடு நிற்காமல் அறிக்கையில் இந்த எண்களையும் பாருங்கள்: மேசை 54 முதல் 58 சதவீதம், ஆழம் 60 முதல் 62.5, மேல் கோணம் 34-35 டிகிரி, கீழ்க் கோணம் 40.6 முதல் 41. கீழ்ப்பகுதி ஆழமாகிவிட்டால் நடுவில் இருட்டடிக்கும், தட்டையாகிவிட்டால் மேசைக்குள் சாம்பல் வளையம் தெரியும். கட் நன்றாக இருந்தால் 40 சென்ட் கல் 4.7 மி.மீ. விட்டம் வரும். 4.4 தான் வருகிறது என்றால் எடை அடியில் ஒளிந்திருக்கிறது. 30 சென்ட் கல் தரும் அகலத்துக்கு 40 சென்ட் விலை கொடுப்பீர்கள்.

கடையின் ஸ்பாட் லைட்டில் எந்தக் கல்லும் மின்னும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் படாத பகல் வெளிச்சத்திலும், பிறகு சாதா டியூப் லைட்டிலும் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் 'நீல ஜாகர்' கேட்டால் விஷயம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை ஒட்டி, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கல்லுக்கு வந்த பெயர் அது. அப்படி ஒளிரும் தன்மையை அறிக்கையில் 'ஃப்ளோரசன்ஸ்' என்று போடுவார்கள். ஐ, ஜே நிறக் கல்லுக்கு நடுத்தர நீலம் நல்லதே செய்யும், வெயிலில் இன்னும் வெள்ளையாகக் காட்டும். மிக வலுவாக இருந்தால் மட்டும் பால்போல மங்குகிறதா என்று பார்த்து எடுங்கள்.

லேப் வைரமும் வைரம்தான். அதே கார்பன், அதே கடினம். கடையில் வைக்கும் சூட்டு டெஸ்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கத்தும், வைரம் போலத் தெரியும் வேறு கல்லான மாய்சனைட்டுக்கும் கத்தும். மாய்சனைட்டைச் சாய்த்து வைத்து லூப்பில் பார்த்தால் பின்பக்கக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். லேப் கல்லைப் பிரிக்க ஆய்வகக் கருவிதான் வேண்டும். போட்டு அழகு பார்க்க மட்டும் என்றால் லேப் கல் எடுக்கலாம், திரும்ப விற்கும்போது விலை வரும் என்று எண்ணி எடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர்

அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க. 22 கேரட்ல 91.6 சதவீதம் தங்கம், அதனால மெத்துனு இருக்கும். கல்லைப் பிடிக்கிற நகம் நாலும் மெல்லிசுக் கம்பி. புடவையில, தலைமுடியில மாட்டி மாட்டி 22ல சீக்கிரம் நிமிர்ந்துடும், கல்லு விழுந்துடும். 18ல 75 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி. அந்தக் கலப்புதான் நகத்துக்குப் பலம். கம்மல், பேசரில 22 தாங்குதுன்னா அங்க கல்லைச் சுத்தி தகடு மூடியிருக்கும், இடிபடறதும் குறைச்சல். விரல் அப்படியில்ல.

நர்ஸ் வேலைக்கு உயரமான நகக் கட்டிடம் (கல்லை நகத்தால பிடிச்சுப் பதிக்கிறது) சரிப்படாது, கையுறையைக் கிழிக்கும். கல்லைச் சுத்தி முழு வளையமா மூடுற பெசல் கட்டிடம் பண்ணுங்க, உயரத்தையும் குறைச்சுக் கேளுங்க. கல்லுக்கு அடியில திறந்திருக்கணும். பின்பக்கம் அடைச்சா அழுக்கு உள்ள போய் எடுக்கவே முடியாது. நகம்தான் வேணும்னா நாலுக்குப் பதிலா ஆறு போடுங்க. நாலுல ஒண்ணு போனா கல்லு ஆடிடும், ஆறுல ஒண்ணு போனாலும் நிக்கும்.

மோதிரத்தோட அடிப்பக்கம் 1.5 மி.மீ.க்குக் குறையவே கூடாது. எடை குறைக்க அங்கதான் சுரண்டுவாங்க. ரெண்டே வருஷத்துல வளையும்.

விரல் அளவைக் காலையில எடுக்காதீங்க. சாயங்காலம், கை சூடா இருக்கும்போது எடுங்க. மூட்டைத் தாண்டும்போது லேசா இழுக்கணும். பட்டை 5 மி.மீ.க்கு மேல அகலம்னா அரை அளவு கூட்டுங்க. சுத்தி முழுக்கச் சின்னக் கல்லு பதிச்ச மாடலைப் பின்னாடி பெருசாக்க வழி கிடையாது.

அளவு மாத்தவோ நகம் வைக்கவோ எந்தப் பட்டறைக்குப் போனாலும், தீ ஊதுறதுக்கு முன்னாடி கல்லுக்குப் போரிக் ஆசிட் பூசச் சொல்லுங்க. வைரம் கார்பன்தானே, காத்துல அதிகச் சூடு பட்டா மேல் முகம் எரிஞ்சு வெள்ளை படரும். துடைச்சாப் போகாது, திரும்பப் பட்டை தீட்டணும்.

கணக்கு_64

பில்லைப் பத்தி யாரும் சொல்லல. கல்லுக்குக் கேரட்னா எடை, ஒரு கேரட் 0.2 கிராம். உங்க மோதிரம் மொத்தம் 3.200 கிராம்னு வச்சுக்குங்க. கல்லு 0.40 கேரட், அதாவது 0.080 கிராம். தங்கம் 3.120. தங்க விலை 3.120க்கு மட்டும்தான் போடணும். மொத்த எடை, கல்லெடை, நிகர எடை, கல்லோட கேரட் விலை, செய்கூலி எல்லாம் தனித்தனி வரியா இருக்கட்டும். ஜி.எஸ்.டி. 3 சதவீதம். 'சேதாரம் இல்லை'ன்னு சொன்னா கேரட் விலையை இன்னொரு கடையில ஒப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுக்குள்ள சேர்த்திருப்பாங்க.

உள்பக்கம் பி.ஐ.எஸ். முத்திரை, 18கே750, ஆறெழுத்து ஹெச்.யு.ஐ.டி. (நகையோட தனி அடையாள எண்) மூணும் இருக்கணும். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அந்த எண்ணை அடிச்சா நகை விவரம் வரும். இந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும், கல்லுக்கு இல்ல. திரும்ப எடுக்கறதா சொன்னா அன்னைய விலைக்கா, பில் விலைக்கா, எத்தனை சதவீதம் கழிப்பாங்கன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

ஈரோடு_ரா

ரொம்ப நன்றிங்க. 18ல பெசல், வி.எஸ்., ஜி நிறம்னு முடிவு பண்ணியாச்சு, அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. தினமும் போடறதுக்கு எப்படிப் பராமரிக்கறது? பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம்னு சொல்றாங்களே?

லூப்_பத்து

பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள தேய்பொடி தங்கத்தைக் கீறும். வைரத்துக்கு எதிரி எண்ணெய்ப் பிசுக்குதான். தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு உடனே ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசைமேல் சரளையைத் தண்ணீரோடு ஓட்டி வைரத்தை மட்டும் பிடித்ததே இந்தக் குணத்தால்தான். தேங்காய் எண்ணெய், ஹேண்ட் க்ரீம், மாவு எல்லாம் கல்லின் அடிப்பக்கம் போய்ப் படியும். அங்கே படிந்தால் ஒளி திரும்பாது, கல் செத்த மாதிரி தெரியும்.

வாரம் ஒருமுறை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, 20 நிமிடம் ஊறவையுங்கள். குழந்தைகளின் மெத்தென்ற பிரஷ்ஷால் கல்லின் அடியிலிருந்து தேயுங்கள். வேறு கிண்ணத்து நீரில் அலசி, பஞ்சிழை விடாத துணியில் ஒற்றுங்கள். வாஷ் பேசினுக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள்.

மருத்துவமனை சானிடைசர் பிரச்சனையில்லை. தரை துடைக்கும் ப்ளீச் கரைசல் ஆகாது, க்ளோரின் தங்கக் கலவையை அரித்து வெடிப்பு விட வைக்கும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும், பழைய தெர்மாமீட்டர் உடைந்த இடத்தில் மோதிரத்தோடு கை வைக்கக் கூடாது.

கடினம் பத்து என்பதை நம்பி இடிக்கவும் கூடாது. வைரத்துக்கு நாலு திசையில் பிளவுத் தளம் உண்டு. கிரைண்டர் கல்லில், இரும்புக் கட்டிலில் கோணமாக இடித்தால் விளிம்பு தெறிக்கும். மற்ற நகையோடு ஒரே டப்பாவில் போட்டால் இது எல்லாவற்றையும் கீறும்.

பட்டறைக்காரர்

மாசம் ஒருதரம் காதுகிட்ட வச்சு விரலால சுண்டிப் பாருங்க. கிலுகிலுன்னு கேட்டா கல்லு ஆடுது. மெல்லிசுப் பட்டுத் துணியை மேல இழுங்க, நூல் மாட்டினா பெசல் விளிம்பு எழும்பியிருக்கு. ரெண்டுல எது வந்தாலும் அன்னைக்கே கழட்டி ஜிப் கவர்ல போட்டுடுங்க. கல்லு உதிர்ந்தாலும் கவருக்குள்ளயே இருக்கும்.