ஒரே துணி, பல உடுப்பு: உங்கள் கையில் பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு, தையல் கடை வைத்திருப்பவர்:

வணக்கம். பத்தொன்பது வருடமாகத் தைக்கிறேன். இப்போது கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, இதையே வேற மாதிரியும் போட்டுக்கிற மாதிரி தைச்சுத் தாங்க." ஒரு பிளவுஸ் மூன்று புடவைக்குப் போக வேண்டும், ஒரு குர்த்தி வேலைக்கும் கோயிலுக்கும் ஆக வேண்டும். தையல் கூலி ஏறிக் கிடக்கிறது, பீரோவிலும் இடம் இல்லை, கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படித் தைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதன்முதலில் கெடுத்தது ஒரு கல்லூரி ஆசிரியையின் பிளவுஸ். ஒரு பக்கம் சிவப்புக் கலம்காரி, திருப்பிப் போட்டால் சந்தன நிறப் பருத்தி. கலம்காரியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டினேன். சந்தன நிறம் மில் துணி, சுருங்காது என்று நினைத்து அப்படியே வெட்டிவிட்டேன். இரண்டு சலவை தாண்டியதும் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். சந்தனப் பக்கம் சுருங்கி இழுக்க, கலம்காரிப் பக்கம் கீழ் விளிம்பு முழுவதும் நெளிந்து நெளிந்து நின்றது. போதாததற்குச் சிவப்புச் சாயம் இறங்கி அக்குள் பக்கம் திட்டுத் திட்டாக ரோஸ் நிறம். அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு தடவைதான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். துணிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிளவுஸை மட்டும் என்னிடமே வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு துணியையும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். அடர்ந்த நிறமாக இருந்தால் ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு தரம் அழுத்தி எடுப்பேன். வெள்ளையில் நிறம் ஏறினால் அதை வெளிர் நிறத்தோடு சேர்க்கவே கூடாது. எவ்வளவு கேட்டாலும் "வேண்டாம்மா" என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் கொக்கி. சாதாரணப் பிளவுஸில் கொக்கி உள்ளே மறைந்திருக்கும். இருபுறப் பிளவுஸில் 'உள்ளே' என்று ஒரு பக்கமே கிடையாது. திருப்பினால் கொக்கி வரிசை வெளியே பல்லைக் காட்டும். ரொம்ப நாள் யோசித்துக் கடைசியில் பட்டனுக்கு மாறினேன். பட்டன் பட்டியில் ஒரே இடத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டையும் ஒரே நூலில் கோத்துக் கட்டுவேன். எதிர்ப் பட்டியில் காஜா. ஒரு பக்கம் போடும்போது வலது பட்டி மேலே வரும், திருப்பினால் இடது பட்டி மேலே வரும், இரண்டிலும் பட்டன் சரியாக மாட்டும். ஆனால் உள்ளே இருக்கிற பட்டன் உடம்பில் குத்துகிறது என்று ஒருவர் சொன்னார். அதனால் இப்போது சட்டைக் காலருக்கு வைக்கிற சின்னத் தட்டைப் பட்டன்தான் வைக்கிறேன். முதுகுத் திறப்பு என்றால் பட்டனே வேண்டாம், இரண்டு துணிக்கும் நடுவில் நாடாவைச் செருகித் தைத்துவிட்டால் எந்தப் பக்கம் போட்டாலும் முடிந்துகொள்ளலாம்.

மார்பு டாட்டை, அதாவது வடிவுக்காகக் கூராகப் பிடித்துத் தைக்கிற மடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு துணியிலும் டாட்டை ஒரே பக்கம் மடித்தால் அந்த இடம் கட்டியாகத் தெரியும். ஒன்றைக் கைப்பக்கமும் மற்றதை நடுப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் சமமாகப் படியும். விளிம்புக்கு இரண்டு நிறத்துக்கும் ஒத்துப்போகிற ஒரு பைப்பிங். அது இல்லாவிட்டால் உள்துணி வெளியே எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. இருபுறப் பிளவுஸில் பிரித்துவிட வழியில்லை. சாதாரணப் பிளவுஸில் பக்கத்தில் ஒரு இஞ்ச் உள்ளே விட்டு, உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். இதில் தையல் இடம் எல்லாம் இரண்டு துணிக்கும் நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள். மற்றவர்களும் தைத்தது, நெய்தது, போட்டுப் பார்த்தது எதுவானாலும் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம், நெசவுக் குடும்பம்:

அக்கா பிளவுஸைச் சொன்னீர்கள், நான் புடவையைச் சொல்கிறேன். கங்கா ஜமுனா கரை எல்லோருக்கும் தெரியும். ஒரு கரை அரக்கு, மறு கரை பச்சை என்று இரண்டு நிறம். கோர்வை போட்டு, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி நூலில் ஓட்டிக் கோத்து நெய்ய வேண்டும், மூன்று நாடா (ஊடு நூலைக் கொண்டுபோகிற ஓடம்) ஓடும், கரைக்குக் கை கொடுக்கக் கூட ஒரு ஆள் உட்கார வேண்டும். சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவன் நான்.

இந்தப் புடவையை "இன்னைக்கு அரக்கு கீழே, நாளைக்குப் பச்சை கீழே, ரெண்டு புடவை மாதிரி" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கிப்போனவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "கட்டிப் பார்த்தேன், வரவில்லையே" என்றார். அவர் சொன்னது சரி. புடவையைத் தலைகீழாகத் திருப்பினால் முந்தானை இடுப்புச் செருகலுக்குப் போய்விடும். முந்தானை தோளில் இருக்க, கரை மட்டும் மாற வேண்டுமானால் துணியின் பின்முகத்தை வெளியே வைத்துத்தான் கட்டியாக வேண்டும். பட்டில் புட்டா (சின்னச் சின்னப் பூ வேலை) போட்டிருந்தால் பின்பக்கம் நூல் தெரியும். கரையில் யாளியோ அன்னமோ போட்டிருந்தால் பின்னால் ஜரிகை மிதந்து கிடக்கும், வளையலில் மாட்டும். ஆகவே இரண்டு விதமாகக் கட்ட வேண்டிய புடவையைத் தறியில் ஏற்றும்போதே அப்படி நினைத்துத்தான் ஏற்ற வேண்டும். உடலில் புட்டா கூடாது, கரையில் உருவம் கூடாது, பின்முகமும் முன்முகம் போல இருக்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்குக் காரைக்குடிப் பக்கம். கண்டாங்கி என்றால் இப்போது புவிசார் குறியீடு (2019) வாங்கிய புடவை என்று எல்லோரும் தேடுகிறார்கள். பாட்டி கட்டியது கட்டம் போட்ட பருத்திக் கண்டாங்கி. கட்டத்துக்கு முன் பின் கிடையாது. கீழ்க் கரை தரையில் பட்டு நைந்து வந்தால் திருப்பிக் கட்டுவார், அந்தக் கரை மேலே போய்விடும், புடவை இன்னும் சில வருடம் தாங்கும். இதற்கு யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். கீழ்க் கரையின் உள்பக்கம் ஃபால்ஸ் பட்டி வைத்துத் தைத்துவிட்டால் இந்த வித்தை எல்லாம் அத்தோடு முடிந்தது. எந்தக் கரை கீழே என்பதை ஃபால்ஸ் தைக்கிற அன்றே தீர்மானித்துவிடுகிறோம்.

திருநெல்வேலி, இரண்டு பெண்களின் அம்மா:

எனக்குத் தைக்கத் தெரியாது. எங்க அம்மா தைத்த ஒரு பட்டுப் பாவாடையைப் பற்றிச் சொல்கிறேன். என் ஐந்தாவது வயதில் எடுத்தது, மாம்பழ நிறம், அரக்குக் கரை. வளர்கிற பிள்ளை என்று அம்மா பாவாடையின் உள்பக்கம் மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்திருந்தார். ஒரு இஞ்ச் மடிப்பைப் பிரித்தால் இரண்டு இஞ்ச் நீளம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அம்மா என்னை ஸ்டூல் மேல் நிற்க வைத்து, கரை கணுக்காலுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலால் அளந்து பார்ப்பார். அப்புறம் பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுப்பார். நூல் 'டிக் டிக்' என்று விடுபடுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பிரித்த இடத்தில் கோடு தெரியும். மடிப்புக்குள் இருந்த பட்டு பளபளவென்று புதிதாக இருக்கும், சுற்றி இருப்பது வெளுத்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு சரிகை ரிப்பனை வைத்துத் தைத்துவிடுவார். அடுத்த வருடம் இன்னொரு ரிப்பன். மூன்றாவது ரிப்பனும் வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் டிசைனே அப்படித்தான் என்று நினைத்தார்கள். அது என்னோடு நிற்கவில்லை. தங்கச்சி போட்டாள். என் பெரியவளுக்கு மேல்பட்டியைப் பிரித்துச் சின்னதாக்கி ஒரு கொலுவுக்குப் போட்டுவிட்டேன்.

இப்போது கடையில் எடுக்கிற ரெடிமேட் பாவாடையில் மடிப்பும் இல்லை, உள்ளே விட்ட துணியும் இல்லை. ஒரு வருடத்தில் கட்டை ஆகிவிடுகிறது. விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

திருப்பூர், ஆடை வடிவமைப்பு படித்தவர்:

மேலே அம்மா எழுதியதைப் படித்ததும் எங்கள் வகுப்பில் காட்டிய ஒரு குழந்தை உடை நினைவுக்கு வந்தது. லண்டனில் ரையன் யாசின் என்பவர், விமானப் பொறியியல் படித்தவர், குழந்தை வளர வளர விரிகிற மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு துணி செய்தார். 2017இல் ஜேம்ஸ் டைசன் விருதின் பிரிட்டன் பரிசு அதற்குக் கிடைத்தது. திருநெல்வேலி அம்மாவின் தாய் உள்ளே மறைத்த மடிப்பை யாசின் உடை முழுக்க வெளியே வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் அனுபவம் இறுதி ஆண்டு புராஜெக்ட். "ஏழு விதமாக அணியும் ஒரே உடை" என்று எடுத்தேன். வட்டப் பாவாடை, இடுப்பிலிருந்து இரண்டு நீளப் பட்டைகள். பட்டையைக் கழுத்தில் கட்டலாம், முதுகில் குறுக்கே போடலாம், ஒரு தோளில் முறுக்கி விடலாம். பட்டை ஒவ்வொன்றும் அணிபவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். திருப்பூரில் இருப்பதால் துணிக்குப் பஞ்சமில்லை, லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி எடுத்தேன். பின்னல் துணி ஓரத்தில் நூல் பிரியாது, அதனால் ஹெம்மிங் இல்லாமலே விட்டேன். ஓரம் மட்டும் சுருளும். பட்டையாகத் தொங்கும்போது அந்தச் சுருளே அழகாக இருந்தது.

மதிப்பெண் நன்றாக வந்தது. ஆனால் மனதில் நின்றது வேறு. எட்டுத் தோழிகளுக்கு ஆளுக்கொன்று தைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், ஆறு பேர் ஒரே விதமாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி சொன்னாள்: "வீடியோ பார்த்தாத்தான்டி கட்ட வருது. காலையில எனக்கு ஏது நேரம்? முதுகுல கட்டுறதுக்கு இன்னொரு கை வேணும்." விடுதியில் கூட ஆள் இருக்கும், வேலைக்குப் போகிற பெண் தனி அறையில் யாரைக் கூப்பிடுவாள்? நான் ஏழு என்று எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, கட்டுகிறவளின் கையைப் பார்க்கவே இல்லை.

இப்போது ஒரு நிறுவனத்தில் மாதிரி உடை வெட்டுகிறேன். என் கணக்கு இரண்டு விதம், மிஞ்சினால் மூன்று. தனியாக நின்று, கண்ணாடி இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் மாற்ற முடிகிறதா என்று நானே போட்டுப் பார்ப்பேன். முடியாவிட்டால் அந்த விதத்தை எடுத்துவிடுவேன்.

சென்னை, வங்கி ஊழியர்:

கர்ப்பமாக இருந்தபோது எடுத்த குர்த்திகள் எல்லாம் பிரசவத்துக்குப் பிறகு சாக்குப் பை மாதிரி தொங்கின. பழையது எதுவும் நுழையவில்லை. அழுகையே வந்துவிட்டது. எங்கள் தெருவில் தைக்கிற அம்மா ஒருவர்தான் ஒரு குர்த்தியை வாங்கிப்போய் வேலை செய்து கொடுத்தார். இரண்டு பக்கத் தையலிலும் சின்ன வளையங்கள், அதில் ஷூவுக்குக் கட்டுவது போலக் குறுக்கே ஒரு நாடா. இழுத்தால் இடுப்பு பிடிக்கும், தளர்த்தினால் எட்டாவது மாதத்துக்கும் ஆகும். நெஞ்சில் இருந்த மடிப்புக்குக் கீழே ஒரு ஜிப்பையும் மறைவாக வைத்தார், பால் கொடுக்க. குழந்தைக்கு இப்போது நான்கு வயது. ஜிப்பை நான் திறப்பதே இல்லை, அது இருப்பது யாருக்கும் தெரியாது. அந்தக் குர்த்தியைத்தான் இன்றைக்கும் வேலைக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஈரோடு, தையல் கடை வைத்திருப்பவர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வங்கிப் பெண்ணே, நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பிரித்துவிட வழியில்லை என்று நான் முட்டிக்கொண்டிருந்ததற்கு உன் தெரு அம்மா பதில் வைத்திருக்கிறார். பக்கத் தையலை மூடவே வேண்டாம். இரண்டு துணியையும் சுற்றி விளிம்பு கட்டி முன்பாகம் தனி, பின்பாகம் தனி என்று விட்டு, பக்கவாட்டில் துணி வளையம் வைத்து நாடா போட்டால் போதும். வளையம் விளிம்பிலிருந்தே கிளம்புவதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். அக்குளிலிருந்து கீழே வரைக்கும் நாலு வளையம் என்று காலையில் ஒரு பழைய பாப்ளின் துணியில் வைத்துப் பார்த்தேன். நாலு போதவில்லை, நடுவில் இடைவெளி வாய் பிளக்கிறது. ஆறு வைத்தேன், நின்றது. இடைவெளியில் உடம்பு தெரியாமல் இருக்க உள்ளே இரண்டு இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டி விட்டிருக்கிறேன். அது திருப்பும்போது வெளியே வந்துவிடுகிறது, அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்.

காஞ்சிபுரம் தம்பி, நீங்கள் சொன்ன ஃபால்ஸ் விஷயம் முழுக்கச் சரி. இனி கங்கா ஜமுனா கொண்டு வருகிறவர்களிடம் ஊசி எடுப்பதற்கு முன்னால், "எந்தக் கரை கீழே?" என்று கேட்பதோடு, "ஃபால்ஸ் வேணுமா?" என்றும் கேட்கப் போகிறேன். திருப்பூர் தங்கச்சி, எத்தனை விதம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் ஒரு நிமிடக் கணக்கைச் சொல்கிறேன்.

அந்தக் கல்லூரி ஆசிரியை இப்போதும் என்னிடம்தான் தைக்கிறார். பாப்ளினில் வைத்துப் பார்க்கிற இந்தச் சோதனை சரியாக வந்துவிட்டால் முதல் பிளவுஸ் அவருக்குத்தான். கலம்காரியும் சந்தன நிறமும் வாங்கி வந்துவிட்டேன். இரண்டும் இப்போது வாளியில் ஊறுகின்றன, தனித்தனி வாளியில்.