தரம் 9 கணித வகுப்பு: சத்தம் போட்டால் கொஞ்ச நேரம்தான் அடங்குதுகள்

புது ரீச்சர்:
யாழ்ப்பாணப் பாடசாலை ஒண்டில தரம் 9, 41 பிள்ளையள். இடைவேளை முடிஞ்ச உடன கணிதம். குரலை உயர்த்தினால் இரண்டு மூண்டு நிமிஷம் அமைதி, பிறகும் கதை. பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில வெறும் தட்டி மறைப்புத்தான். இதே பிள்ளையள் விஞ்ஞான பாடத்தில ஒழுங்கா இருக்கினம். நான் நடத்துற விதத்தில என்னத்தை மாத்தலாம்?

கொப்பிக்கட்டு:
விஞ்ஞானத்துக்கு ஒழுங்கா இருக்கினம் எண்டால், உங்கட பாடம் எப்பிடி நகருது எண்டதைத்தான் முதல்ல பாக்கவேணும் ரீச்சர். ஜேக்கப் கூனின் எண்ட அமெரிக்க உளவியலாளர் வகுப்பறையளை வீடியோ எடுத்து ஆராய்ஞ்சு 1970இல வெளியிட்ட முடிவு: குழப்படி நடந்த பிறகு ஆசிரியர் எப்பிடிக் கண்டிச்சார் எண்டதுக்கும் வகுப்பின்ர ஒழுங்குக்கும் பெரிசாத் தொடர்பில்லை. எங்க என்ன நடக்குது எண்டு எப்பவும் கண் வைச்சிருக்கிறதும், ஒரு வேலையிலயிருந்து அடுத்ததுக்குத் தடங்கலில்லாமல் கொண்டுபோறதும்தான் வித்தியாசத்தைக் காட்டினது.

கணிதத்தில சத்தம் கூடுதலாக் கிளம்புறது கொப்பி திருத்தேக்கை. பிள்ளையள் கொப்பியோட மேசையைச் சுத்தி நிண்டால் உங்களுக்கு வகுப்பு மறைஞ்சுபோகும். பின்னுக்கு நிக்கிறவைக்குக் கதைக்கிறதை விட வேற வேலையுமில்லை. ஒருத்தரையும் எழும்ப விடாதேங்கோ. சிவப்புப் பேனையோட நீங்கள் வரிசைக்குப் போங்கோ. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கொப்பி, ஐஞ்சு நாளில வகுப்பு முழுக்க முடிஞ்சிடும். திருத்தேக்கை உங்கட முதுகு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். அதுக்கு முதலே பலகையில 5 கணக்கு இருக்கவேணும், கடைசிக் கணக்குக் கொஞ்சம் கடினமா, கெதியா முடிக்கிறவைக்கு.

பலகையில நீளத்துக்கு எழுதுறதும் இதே பிரச்சினைதான். பக்கவாட்டில நிண்டு இரண்டு வரி எழுதி, திரும்பி ஒரு கேள்வி கேட்டு, பிறகு அடுத்த வரி.

புது ரீச்சர்:
நன்றி. ஆனால் கதைக்கிற பிள்ளையைச் சும்மா விட ஏலுமே?

வடமராட்சியான்:
விடவேண்டாம். கிட்டப் போய் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ. டானியல் ஓலியரி எண்ட அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவையும் 1970இல செய்த ஆய்வில, மெல்லக் கண்டிச்ச நாளில அநேகமான பிள்ளையளின்ர குழப்படி குறைஞ்சது. திரும்பவும் எல்லாருக்கும் கேக்கக் கண்டிக்கத் தொடங்க, கூடினது. பேர் சொல்லி ஏசினால் 40 பேரும் திரும்பிப் பாப்பினம். சில பிள்ளையளுக்கு வேண்டினது அந்தப் பார்வைதான். கணக்குச் செய்துகொண்டிருந்தவையின்ர கவனமும் அதோட போச்சு.

செய்யிற முறை: கொப்பியில விட்ட வரியில விரலை வைச்சு "இதிலயிருந்து செய்" எண்டு சொல்லிப்போட்டு உடன விலகுங்கோ. அங்கயே நிண்டால் பிள்ளை பதில் கதைக்கும், வாதம் வளரும். ஒரு நிமிஷத்தால தூரத்தில நிண்டு பாருங்கோ, செய்யுதோ எண்டு. வாங்குகளுக்கு இடையில ஒராள் நடக்க வழி இல்லாட்டி இது சரிவராது, முதல்ல அதை ஒழுங்குபடுத்துங்கோ. தட்டி மறைப்பெண்டபடியால் இன்னொண்டும் இருக்கு. நீங்கள் குரலை உயர்த்த, பக்கத்து வகுப்பு ஆசிரியரும் உயர்த்துவார், பிறகு இரண்டு வகுப்பும் கத்தும்.

பின்வாங்கு:
மேல சொன்னதோட ஒத்துப்போறன். "இரு, இரு" எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறதையும் விடுங்கோ. 1968இல மாட்சன் எண்ட அமெரிக்க ஆய்வாளரின்ர குழுவினர் முதலாம் வகுப்பில பாத்தது, அப்பிடிச் சொல்லச் சொல்ல எழும்புற பிள்ளையள் கூடினவை. இருந்து வேலை செய்யிறவையைப் பாராட்ட, குறைஞ்சது. ஆனால் தரம் 9 பிள்ளையை எல்லாருக்கும் முன்னால புகழ்ந்தால் கூட்டாளிமார் பகிடி பண்ணுவினம். கொப்பியில ஒரு வரி எழுதிவிடுங்கோ.

முழங்காலில விடுறது, பிரம்பு எண்டு யாரும் யோசனை சொன்னால் கேளாதேங்கோ. உடல்ரீதியான தண்டனை கூடாதெண்டு கல்வி அமைச்சு 2005இலயே சுற்றறிக்கை (2005/17) விட்டது. அடிக்குப் பயந்து வாய் மூடுற பிள்ளை விளங்கேல்லை எண்டு கேக்கவும் பயப்படும்.

இடைவேளை முடிஞ்சு வியர்வையோட வருவினம். நீங்கள் வாசலில நில்லுங்கோ. பலகையில முதல் நாள் பாடத்தில இரண்டு சின்னக் கணக்கு இருக்கட்டும், 4 நிமிஷம், வாயால அறிவுறுத்தல் ஒண்டும் வேண்டாம். அந்த நேரத்தில இடாப்பைப் பாத்திடலாம். பின்வரிசையில ஓயாமல் பக்கத்துக் கொப்பியைப் பாக்கிற பிள்ளை இருந்தால், பலகையில ஒரு வரியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கோ. பலகை சரியாத் தெரியாத பிள்ளை பக்கத்தில கேட்டுக் கேட்டுத்தான் எழுதும். முன்வாங்குக்கு மாத்தி, வீட்டுக்கும் அறிவியுங்கோ.