புதுப்பிப்பு: டாஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல், வெல்டிங் பிடித்துவிட்டது

போன மாதம் என் பழைய டொயோட்டா டாஸ் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகையை வெளிக்குழாய்க்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புப் பாகம்) விரிசல் விட்டு டக் டக்கென்று சத்தம் வருகிறது, கையில் ஆயிரம் ரேண்டுக்கு மேல் இல்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் விரிசலை அடைக்கும் பேஸ்ட் பூசிப் பார்த்தேன், நாலே நாளில் உதிர்ந்துவிட்டது. அப்புறம் நிக்கல் வெல்டிங் ராடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லி இங்கே பதில் போட்ட ஃபீனிக்ஸ் அண்ணாவின் யோசனைப்படி, மேனிஃபோல்டைக் கழற்றிக்கொண்டு டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு வெல்டரிடம் போனேன். அவர் விரிசலின் இரு நுனியிலும் சின்ன ஓட்டை போட்டு, விரிசல் நெடுக V மாதிரி அரைத்து, நன்றாகச் சூடாக்கி, ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் மட்டும் வெல்டிங் செய்து, சூடு ஆறும் முன்பே சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். பிறகு ராத்திரி முழுக்கக் காய்ந்த மணலுக்குள் புதைத்து வைத்தார், ஏனென்றால் வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். கூலி 450 ரேண்ட், புது கேஸ்கெட் (மேனிஃபோல்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கசியாமல் வைக்கும் தகடு) தனி.

எதிர்பார்க்காதது ஒன்று. என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்து என்ஜின் ஆடியதால் எக்ஸாஸ்ட் குழாய் மேனிஃபோல்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது! அதை மாற்றாமல் விட்டிருந்தால் வெல்டிங்கும் நின்றிருக்காது, தயவுசெய்து முதலில் அதைப் பாருங்கள். மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கினேன்.

மூன்று வாரம் ஆகிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில்கூடச் சத்தம் இல்லை, காருக்குள் புகை நாற்றமும் போய்விட்டது. பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருவதால் எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.