அசிஸ்டென்ட் சர்வர் டைப்பை மாத்தின பிறகு எஸ்எஸ்எச் வரல, இப்போ டெர்மினேட் பண்ணலாமான்னு கேக்குது

மலையடிவாரம், இரவு 11.12

வணக்கம், கொஞ்சம் அவசரம். நாமக்கல்ல ஒரு லாரி புக்கிங் ஆபீஸோட சர்வரை நான் ஒருத்தனா பார்த்துக்கிறேன். ஏடபிள்யூஎஸ் (அமேசானோட வாடகை சர்வர் சேவை) மும்பை ரீஜியன், டி2.மீடியம் டைப் இன்ஸ்டன்ஸ் (வாடகை மெஷின்), உபுண்டு 20.04 ஓஎஸ், ஒரே மெஷின். புக்கிங் சைட் (லாராவெல்), டேட்டாபேஸ் (மைஎஸ்கியூஎல்) ரெண்டும் அதிலேயே ஓடுது. மாசாமாசம் பில் ஏறுதுன்னு ஓனர் சொல்லிட்டே இருந்தார். மூணு வாரமா ஒரு ஏஐ அசிஸ்டென்ட்டை டெர்மினல்ல வெச்சு சர்வர் வேலை பார்க்கிறேன். லாக் படிக்கிறது, வெப் சர்வர் என்ஜின்எக்ஸோட கான்ஃபிக் திருத்துறதெல்லாம் நல்லாவே செஞ்சுது. அந்தத் தைரியத்துல இன்னிக்கு ராத்திரி "பில்லைக் குறைக்க என்ன செய்யலாமோ செய்"னு டைப் பண்ணினேன்.

டி2-வை விட டி3 விலை குறைவு, ரெண்டுலயும் 2 விசிபியு, 4 ஜிபி ரேம்தான்னு சொல்லிச்சு. மெஷினை நிறுத்தி, டைப்பை மாத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணிச்சு. "இன்ஸ்டன்ஸ் ரன்னிங், மாற்றம் வெற்றி"ன்னு பச்சை டிக் போட்டுது. ஆனா சைட் திறக்கல. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து மெஷினுக்குள்ள நுழையற வழி) டைம் அவுட். நாலு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்துட்டு இப்போ சொல்லுது: "இன்ஸ்டன்ஸ் பழுதடைந்திருக்கலாம். இதை டெர்மினேட் செய்து புதிதாக உருவாக்குகிறேன். தொடரலாமா?" ஆமா, இல்லைன்னு ரெண்டு பட்டன் நிக்குது.

காலைல 6 மணிக்கு புக்கிங் ஆரம்பிச்சுடும். ஸ்கேன் பண்ணின எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி எல்லாம் அந்த மெஷின்லதான் இருக்கு. ஆமான்னு கொடுக்கலாமா?

சங்குப்பூ, இரவு 11.19

கொடுக்காதீங்க தம்பி. முதல்ல அந்த அசிஸ்டென்ட் செஷனையே மூடுங்க. இன்ஸ்டன்ஸை டெர்மினேட் பண்ணினா (ஒரேயடியா அழிச்சா) ரூட் வால்யூமும் (ஓஎஸ் இருக்கிற டிஸ்க்) அதோட சேர்ந்து அழிஞ்சுடும், இயல்புநிலை செட்டிங் அதுதான். ஏடபிள்யூஎஸ் கன்சோல்ல (அதோட வெப் பக்கம்) தனியா சேர்த்த டேட்டா வால்யூம் பொதுவா தங்கும், ரூட் தங்காது. எல்.ஆர். ஸ்கேன் எந்த டிஸ்க்ல இருக்கு?

மலையடிவாரம், இரவு 11.23

மூடிட்டேன். ஸ்கேன் எல்லாம் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கீழே, ரூட்லதான். மைஎஸ்கியூஎல் மட்டும் தனி வால்யூம்ல. ஆமான்னு அழுத்தியிருந்தா ரெண்டு வருஷ எல்.ஆர். போயிருக்கும். கை நடுங்குது.

இரவுப்பணி, இரவு 11.26

எலாஸ்டிக் ஐபி (மாறாத ஐபி முகவரி) போட்டிருந்தீங்களா? இல்லைன்னா ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணும்போது பப்ளிக் ஐபி மாறிடும். உங்க டொமைன் இன்னும் பழைய ஐபியைக் காட்டிக்கிட்டு நிக்கும். கன்சோல்ல இப்போ இருக்கிற ஐபியைப் பாருங்க.

மலையடிவாரம், இரவு 11.31

சரியாச் சொன்னீங்க, ஐபி மாறியிருக்கு. எலாஸ்டிக் ஐபி போடல, அதுக்குத் தனிக் காசுன்னு விட்டுட்டேன். ஆனா புது ஐபிக்கு எஸ்எஸ்எச் போட்டாலும் டைம் அவுட்தான். செக்யூரிட்டி குரூப் (ஃபயர்வால் விதி) பழசு, எஸ்எஸ்எச்-க்கான 22-ம் போர்ட் திறந்துதான் இருக்கு.

சங்குப்பூ, இரவு 11.34

அப்போ ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்திருக்கு. ஐபியைச் சரி பண்ணினா மட்டும் தீராது. கன்சோல்ல ஸ்டேட்டஸ் செக் எல்லாம் பாஸா, ஏதாவது ஃபெயிலா? ஆக்‌ஷன்ஸ் மெனுவுல "கெட் சிஸ்டம் லாக்" இருக்கும். அதைத் திறந்து கடைசி இருபது வரியில என்ன இருக்குன்னு சொல்லுங்க. "ரன்னிங்"ங்கிற வார்த்தையை நம்பாதீங்க. மெஷினுக்குக் கரன்ட் போகுதுங்கிறதைத் தாண்டி அதுக்கு அர்த்தம் இல்லை, உள்ளே ஓஎஸ் எழுந்துச்சான்னு அது சொல்லாது.

மலையடிவாரம், இரவு 11.41

ஒண்ணு ஃபெயில் அக்கா. லாக்ல இருக்கிறது, தமிழ்ல எழுதுறேன்: "டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ் /டெவ்/எக்ஸ்விடிஎஃப்". அதுக்குக் கீழே "டிபென்டன்சி ஃபெயில்டு ஃபார் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல்". அப்புறம் எமர்ஜென்சி மோடு. கடைசியா "கேனாட் ஓப்பன் ஆக்செஸ் டு கன்சோல், தி ரூட் அக்கவுண்ட் இஸ் லாக்டு".

சங்குப்பூ, இரவு 11.52

கிடைச்சுடுச்சு. டேட்டா பத்திரமா இருக்கு, பயப்படாதீங்க.

டி2 பழைய ஜென் ஹைப்பர்வைசர்ல (மெஷினுக்கு அடியில ஓடுற மென்பொருள்) ஓடுறது. டி3 நைட்ரோல ஓடுது. நைட்ரோல ஈபிஎஸ் டிஸ்க் (ஏடபிள்யூஎஸ் தர்ற வால்யூம்) எல்லாம் என்விஎம்ஈ வகை டிஸ்க்கா தெரியும். அங்கே எக்ஸ்விடிஎஃப்-னு இருந்த டிஸ்க், இங்கே என்விஎம்ஈ1என்1-னு பேர் மாறி வரும். உங்க எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்கை எங்கே மாட்டணும்னு சொல்ற ஃபைல்) மைஎஸ்கியூஎல் வால்யூமை யாரோ பழைய டிவைஸ் பேர்ல எழுதி வெச்சிருக்காங்க. பூட் ஆகும்போது சிஸ்டம்டி (மெஷினை எழுப்புற புரோகிராம்) அந்தப் பேரைத் தேடி 90 வினாடி காத்திருக்கும், வரலைன்னா எமர்ஜென்சி மோடுக்குப் போயிடும். எஸ்எஸ்எச் அதுக்குப் பிறகுதான் எழணும், அதனால எழவே இல்லை. உபுண்டு ரூட் வால்யூமை லேபிள் வெச்சுத் தேடும். அதனாலதான் ரூட் மவுண்ட் ஆகி, டேட்டா வால்யூம் மட்டும் மாட்டியிருக்கு. எத்தனை ரீபூட் பண்ணினாலும் இதேதான் வரும்.

சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாம மெஷினுக்குள்ள நுழையற வழி) வழியா உள்ளே போகலாம்னு சிலர் சொல்வாங்க. அதுக்குப் பாஸ்வேர்டு வெச்ச யூசர் வேணும். உபுண்டு ஏஎம்ஐ-ல (தயாரா கிடைக்கிற ஓஎஸ் நகல்) ரூட் அக்கவுண்ட் பூட்டியே வரும், உங்க லாக்கோட கடைசி வரி சொல்றதும் அதைத்தான்.

ரூட் வால்யூமைக் கழட்டி, அதே அவைலபிலிட்டி சோன்ல (ரீஜியனுக்குள்ள ஒரு டேட்டா சென்டர் பகுதி) இன்னொரு மெஷின்ல மாட்டி, எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, திரும்பக் கொண்டுவந்து /டெவ்/எஸ்டிஏ1-ஆ மாட்டுங்க. ஒரு மணி நேர வேலை.

பழையசர்வர், நள்ளிரவு 12.03

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். சங்குப்பூ மேடம் நோயைக் கண்டுபிடிச்சது நூத்துக்கு நூறு சரி. ஆனா டிஸ்க்கைக் கழட்டணும்னே இல்லை. டைப்பைத் திரும்ப டி2.மீடியமுக்கே மாத்துங்க தம்பி. ஜென்ல எழும்போது டிஸ்க்குக்குப் பழைய பேர் வந்துடும், மெஷின் நேத்து எழுந்த மாதிரியே எழும்.

வரிசை முக்கியம். ஸ்டாப் கொடுங்க, எமர்ஜென்சி மோடுல நிக்கிறதால கொஞ்சம் நேரம் எடுக்கும். நின்னதும் ரெண்டு வால்யூமுக்கும் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுங்க. அது முடிஞ்ச பிறகே வேற எதையும் தொடுங்க. டைப்பை மாத்தினதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எலாஸ்டிக் ஐபி ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. நின்னுக்கிட்டிருக்கிற மெஷின்லயும் மாட்டலாம். தனிக் காசுன்னு நினைச்சது இப்போ பொருந்தாது. 2024 பிப்ரவரி 1-லேர்ந்து எந்த பப்ளிக் ஐபிவி4-க்கும் மணிக்கு 0.005 டாலர். சாதா ஐபிக்கும் அதே, எலாஸ்டிக்குக்கும் அதே. அப்புறம் டொமைனோட ஏ ரெக்கார்டை (டொமைன் எந்த ஐபிக்குப் போகணும்னு சொல்ற பதிவு) புது ஐபிக்கு மாத்துங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க. பழைய ஐபி பொதுக் குளத்துக்குப் போயிடுச்சு, அதை வேற யாருக்கு வேணா கொடுப்பாங்க. உங்க டிரைவர்கள் லாகின் பண்றது முன்பின் தெரியாத ஆளோட மெஷினுக்குப் போகக்கூடாது.

சங்குப்பூ, நள்ளிரவு 12.06

ஆமா சார், உங்க வழிதான் நல்லது. தம்பி, நான் சொன்னதை விட்டுட்டு இவர் சொன்னபடி செய்ங்க.

மலையடிவாரம், நள்ளிரவு 12.58

வந்துடுச்சு!! ஸ்டேட்டஸ் செக் 2/2. உள்ளே போயிட்டேன், மைஎஸ்கியூஎல் ஓடுது, கடைசி டிரிப் ஷீட் இன்னிக்கு சாயங்காலம் 7.40-க்குப் போட்டது, அதுவும் இருக்கு. டிஎன்எஸ் டிடிஎல் (பழைய ஐபியை மத்த நெட்வொர்க் நினைவுல வெச்சிருக்கிற நேரம்) 3600 வினாடியா இருந்துது, 300 ஆக்கிட்டேன். ஜியோ மொபைல்ல சைட் திறக்குது. ஆபீஸ் பிராட்பேண்ட்ல இன்னும் பழைய ஐபிதான் காட்டுது, ஒரு மணி நேரத்துல வந்துடும்னு நினைக்கிறேன். உங்க மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

எஃப்எஸ்டேப் வரியை இப்பவே திருத்திடட்டா? நோஃபெயில் சேர்த்தா போதும்னு எங்கேயோ படிச்சேன்.

பழையசர்வர், நள்ளிரவு 1.07

திருத்துங்க, ஆனா நோஃபெயிலை மட்டும் போட்டு விட்டுடாதீங்க. பிஎல்கேஐடி கமாண்ட் அந்த வால்யூமோட யூயூஐடி-யைக் (அதோட தனி அடையாள எண்) காட்டும், டிவைஸ் பேர் இருக்கிற இடத்துல அதைப் போடுங்க. ஜென்னோ நைட்ரோவோ யூயூஐடி மாறாது. நோஃபெயில் போட்டா டிஸ்க் வரலைன்னாலும் மெஷின் எழும், எஸ்எஸ்எச் கிடைக்கும். ஆனா டேட்டாபேஸ் வால்யூமுக்கு அதுல ஒரு ஆபத்து இருக்கு. டிஸ்க் இல்லாமலே மெஷின் எழுந்தா, மைஎஸ்கியூஎல் வெறும் டைரக்டரியைப் பார்த்துக் கிளம்பப் பார்க்கும். அதனால மைஎஸ்கியூஎல் சர்வீஸுக்கு சிஸ்டம்டி ஓவர்ரைடு ஒண்ணு எழுதி, "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" வரியில /வார்/லிப்/மைஎஸ்கியூஎல்-ஐக் கொடுங்க. டிஸ்க் மவுண்ட் ஆனாத்தான் டேட்டாபேஸ் எழும். எழுதின பிறகு ரீபூட் பண்றதுக்கு முன்னாடி "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" கொடுத்துப் பாருங்க, எழுத்துப் பிழை இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

இரவுப்பணி, நள்ளிரவு 1.15

இதனாலதான் நான் சர்வர் சாவியை எந்த அசிஸ்டென்ட் கையிலயும் கொடுக்கிறதில்லை. கேள்வி கேக்கலாம், பதில் வாங்கலாம். கமாண்டை நான்தான் அடிப்பேன்.

பழையசர்வர், நள்ளிரவு 1.24

முழுசா ஒத்துக்க முடியல தம்பி. இது அசிஸ்டென்ட் கண்டுபிடிச்ச தப்பு இல்லை. 2018-ல டி3 வந்தப்போ மனுஷங்களே இதே எஃப்எஸ்டேப்ல விழுந்தாங்க, நானும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஆனா அப்போ ஒரு மெஷினை விழவைக்க ஒரு ராத்திரி ஆச்சு, இப்போ நாப்பது வினாடி போதும். நம்ம எழுதுற வாக்கியமும் ஒரு காரணம். "பில்லைக் குறைக்க என்ன செய்யலாமோ செய்"ங்கிறது ஒரு புது வேலைக்காரன்கிட்ட சொல்லக்கூடிய வாக்கியமா? "எதையும் மாத்தாதே. எஃப்எஸ்டேப், டிஸ்க், ஐபி மூணையும் படிச்சு, டைப் மாத்தினா எது எது உடையும்னு எழுதிக் கொடு"ன்னு கேட்டிருந்தா, அதே அசிஸ்டென்ட் இந்த எக்ஸ்விடிஎஃப் வரியைக் காட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. படிக்கிற வேலையில அதுங்க கெட்டி. அதை விட்டுட்டா நமக்குத்தான் நஷ்டம்.

தம்பி, நீங்க அதுக்குக் கொடுத்த கீ என்ன பாலிசி?

மலையடிவாரம், நள்ளிரவு 1.29

அட்மினிஸ்ட்ரேட்டர்ஆக்செஸ், அதாவது எல்லா உரிமையும். ஒவ்வொரு தடவையும் கேக்குதேன்னு ரெண்டாவது வாரமே "எப்போதும் அனுமதி" கொடுத்துட்டேன். டெர்மினேட்டுக்கு மட்டும் எப்படியோ கேட்டுச்சு. "எதையும் அழிக்காதே"ன்னு இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைல்ல எழுதித்தான் வெச்சிருந்தேன்.

சங்குப்பூ, நள்ளிரவு 1.41

இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைல்ல எழுதுறது கதவுல ஒட்டுற "உள்ளே வராதீர்" சீட்டு. ஏடபிள்யூஎஸ்ஸோட அனுமதி அமைப்பான ஐஏஎம்-தான் பூட்டு. சீட்டு வேண்டாம்னு சொல்லல, அதையே பூட்டுன்னு நம்பிடாதீங்க.

அந்த கீயை இப்பவே டீஆக்டிவேட் பண்ணுங்க. அசிஸ்டென்ட்டுக்குன்னு தனி ரோல் போடுங்க, உங்க யூசரைக் கொடுக்காதீங்க. அப்போதான் கிளவுட்டிரெயில்ல (ஏடபிள்யூஎஸ்ல யார் என்ன செஞ்சாங்கன்னு சொல்ற பதிவு) எது நீங்க செஞ்சது, எது அது செஞ்சதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியும். ரோல் வழியா வர்ற கிரெடென்ஷியல் இயல்பா ஒரு மணி நேரத்துல காலாவதி ஆகும், 15 நிமிஷம் வரைக்கும் குறைச்சுக்கலாம். பாலிசியில ரீட்ஒன்லிஆக்செஸ்னு ஒண்ணு இருக்கு. பேரைப் பார்த்து அப்படியே போட்டுடாதீங்க, அது எஸ்3 பக்கெட்டுக்குள்ள இருக்கிற ஃபைலையும் படிக்க விடும். வியூஒன்லிஆக்செஸ் இன்னும் இறுக்கமானது. அதுக்கு மேல வெளிப்படையா டினை (தடை) ஒண்ணு எழுதுங்க: டெர்மினேட்இன்ஸ்டன்சஸ், டெலீட்வால்யூம், டெலீட்ஸ்நாப்ஷாட், மாடிஃபைஇன்ஸ்டன்ஸ்ஆட்ரிப்யூட். கடைசியா சொன்னதை ஏன் சேர்க்கிறேன்னா, டைப்பை மாத்துறதும் அது வழியாத்தான், டெர்மினேஷன் ப்ரொடெக்‌ஷனைக் கழட்டுறதும் அது வழியாத்தான். வேற எந்தப் பாலிசி அனுமதி கொடுத்தாலும் டினை இருந்தா டினைதான் ஜெயிக்கும்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்கிறதில்லை. அசிஸ்டென்ட்டை ஆக்செஸ் லாக் படிக்க விடுறோம். அந்த லாக்ல யூசர் ஏஜென்ட் (வர்றவங்க பிரவுசர் தன் பேரைச் சொல்றது) வரியை எழுதுறது யார்? வெளியில இருந்து வர்ற யார் வேணா. அங்கே ஒருத்தன் கட்டளை மாதிரி ஒரு வரியை எழுதி அனுப்பினா, அசிஸ்டென்ட் அதை உங்க கட்டளைன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. லாக் படிக்கிற செஷனுக்கு எழுதுற உரிமை இருக்கவே கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

மலையடிவாரம், நள்ளிரவு 2.10

கீ டீஆக்டிவேட் பண்ணியாச்சு. கிளவுட்டிரெயில் ஈவென்ட் ஹிஸ்டரியில 90 நாள் இருக்கு, உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டாப், மாடிஃபை, ஸ்டார்ட் மூணும் 10.31-லேர்ந்து வரிசையா இருக்கு. அதுக்கு முன்னாடி 10.29-க்கு ரெண்டு டெலீட்ஸ்நாப்ஷாட் இருக்கு! மார்ச்ல எடுத்த ரூட் ஸ்நாப்ஷாட் ரெண்டு. அது சொல்லவே இல்லை, இல்லைன்னா சொல்லி நான் கவனிக்கல. மே மாசத்து ஸ்நாப்ஷாட் இருக்கு. பழசை அழிச்சதால அது கெட்டிருக்குமா? இன்க்ரிமென்டல்னு (மாறினதை மட்டும் சேமிக்கும்னு) சொல்றாங்களே.

பழையசர்வர், நள்ளிரவு 2.16

கெடாது. இன்க்ரிமென்டல்தான், ஆனா பழசை அழிச்சாலும் புதுசுக்குத் தேவையான பிளாக்கை ஏடபிள்யூஎஸ் வெச்சுக்கும். மே ஸ்நாப்ஷாட்லேர்ந்து முழு வால்யூமையும் எடுக்கலாம். அழிஞ்ச மார்ச் ரெண்டும் திரும்பாது. ரீசைக்கிள் பின் விதி (அழிச்சதைக் கொஞ்ச நாள் வெச்சிருக்கிறது) முன்கூட்டியே போட்டிருந்தா மட்டும்தான் மீட்க முடியும். நாளைக்கு அந்த விதியையும் போட்டுடுங்க.

பில் விஷயம் பாக்கி நிக்குதே. வால்யூம் ரெண்டும் ஜிபி2 வகையா? அப்போ ஜிபி3 ஆக்குங்க. ஒரு ஜிகாபைட்டுக்கான விலை 20 சதவீதம் குறைவு, மெஷினை நிறுத்தவே வேண்டாம், ஓடும்போதே மாறும். டி3-க்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போகலாம், யூயூஐடி போட்டு ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்த பிறகு. டி3-ல கிரெடிட் மோடு (சிபியுவை அளவுக்கு மேல ஓட விடுற செட்டிங்) அன்லிமிடெட்டா இருந்தா, சிபியு தொடர்ந்து ஓடும்போது தனிக் காசு விழும். அதையும் பாருங்க.

மலையடிவாரம், காலை 6.25

ஆபீஸ் பிராட்பேண்ட்லயும் வந்துடுச்சு. முதல் எல்.ஆர். 6.11-க்குப் போட்டாங்க. ஓனர்கிட்ட ராத்திரி நடந்ததை அப்படியே சொல்லிட்டேன், மார்ச் ஸ்நாப்ஷாட் போனதையும் சேர்த்து. புது ரோல் போட்டாச்சு, வியூஒன்லியும் டினையும். இப்போ அசிஸ்டென்ட்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: எதையும் மாத்தாம, ஞாயித்துக்கிழமை டி3-க்குப் போனா வேற எது உடையும்னு பட்டியல் கொடுன்னு. கிரான்ல (நேரம் வெச்சுத் தானா) ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட்ல எக்ஸ்விடிஎஃப்-னு எழுதியிருக்கிற இன்னொரு வரியைக் காட்டியிருக்கு. அது எங்க யாருக்கும் ஞாபகமே இல்லை.