ஜிஆர்இ அளவு ஒப்பீட்டு வினா: அசமன்பாட்டில் பகுதியால் பெருக்கலாமா?

கேள்வி:
ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் தேர்வு) பயிற்சியில் வந்த ஓர் அளவு ஒப்பீட்டு வினாவில், அதாவது இரண்டு அளவுகளில் எது பெரியது என்று கேட்கும் வினாவில், எனக்கு ஐயம் உள்ளது. (எக்ஸ் + 6) / (எக்ஸ் − 2) ≤ 3 என்பது நிபந்தனை. அளவு அ என்பது எக்ஸ். அளவு ஆ என்பது 5. இருபுறமும் (எக்ஸ் − 2) ஆல் பெருக்கினால் எக்ஸ் + 6 ≤ 3எக்ஸ் − 6 என்றாகி, எக்ஸ் ≥ 6 என்று கிடைக்கிறது. ஆகவே அளவு அ-வே பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. விடைக்குறிப்போ, தந்துள்ள தகவலைக் கொண்டு தீர்மானிக்க இயலாது என்ற நான்காம் தெரிவையே சரி என்கிறது. காரணத்தை விளக்க முடியுமா?

பதில் 1:
கணக்கீடு சரியாகவே உள்ளது. ஆனால் (எக்ஸ் − 2) ஒரு மிகை எண் என்று வினா எங்கும் சொல்லவில்லை. அது குறை எண்ணாக இருந்தால், பெருக்கும்போது ≤ என்ற குறி ≥ என்று திரும்பிவிடும். பகுதியின் குறி தெரியாதபோது பெருக்குவதை விட்டுவிட்டு, 3-ஐ இடப்புறம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்குங்கள். (12 − 2எக்ஸ்) / (எக்ஸ் − 2) ≤ 0 என்று வரும். இதை −2 ஆல் வகுத்துக் குறியைத் திருப்பினால் (எக்ஸ் − 6) / (எக்ஸ் − 2) ≥ 0 ஆகும். எண்கோட்டை 2, 6 ஆகிய புள்ளிகள் மூன்று துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் பின்னத்தின் குறியைப் பார்த்தால், எக்ஸ் < 2 அல்லது எக்ஸ் ≥ 6 என்பதே தீர்வு என்று தெரியும். பகுதி பூச்சியமாகக் கூடாது என்பதால் 2 சேராது, 6 சேரும்.

பதில் 2:
பெருக்கியே தீர வேண்டுமென்றால் (எக்ஸ் − 2)-இன் வர்க்கத்தால் பெருக்கலாம், ஏனெனில் அது ஒருபோதும் குறை எண் ஆகாது. அடைப்புகளை விரிக்காமல் (எக்ஸ் − 2)-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால் அதே தீர்வு வந்துவிடும்.

பதில் 3:
இரண்டு வழிகளும் சரியே என்றாலும், 12 கணித வினாக்களுக்கு 21 நிமிடம், அடுத்த 15 வினாக்களுக்கு 26 நிமிடம் என்று அளந்து தரும் தேர்வில், இந்த வினாவை முழுமையாகத் தீர்ப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து. எக்ஸ் = 6 என்றால் நிபந்தனை நிறைவேறுகிறது, அளவு அ பெரியது; எக்ஸ் = 0 என்றால் இடப்புறம் −3, அப்போதும் நிபந்தனை நிறைவேறுகிறது, ஆனால் அளவு ஆ பெரியது. முரண்பட்ட இரண்டு முடிவுகள் கிடைத்த கணமே நான்காம் தெரிவு உறுதியாகிறது. எனினும், இடும் எண்கள் எல்லாம் ஒரே முடிவைத் தந்தால் அது நிரூபணம் ஆகாது. அங்கே பதில் 1-இன் முறைதான் கைகொடுக்கும்.

கேட்டவர்:
நன்றி. எக்ஸ் ஒரு மிகை முழு எண் என்று கூடுதலாகச் சொல்லியிருந்தால் என் விடை பொருந்துமா?

பதில் 1:
பொருந்தாது. எக்ஸ் = 1 என்றால் இடப்புறம் −7; நிபந்தனை நிறைவேறுகிறது, 1 என்பது 5-ஐ விடச் சிறியது. எக்ஸ் > 2 என்று தந்திருந்தால் நீங்கள் செய்த பெருக்கல் செல்லும், அளவு அ-வே பெரியது என்ற விடையும் சரியாகும்.