சிறு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கடன் பெற வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் அறக்கட்டளை குறைந்த கட்டணத்தில் நடத்தும் சிறுபான்மைத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் சீரமைக்க வேண்டியுள்ளது. வாடகைக் கட்டடம் என்பதால், அடமானம் வைக்கச் சொத்து இல்லை என்று இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன.

சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருப்பதால், அச்சட்டப்படி நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களுக்காகப் பிற தனியார் பள்ளிகளுக்கு அரசு ஈடுசெய்யும் தொகையை நாங்கள் கோர முடியாது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கோ உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பெற்றோரில் பலர் தினக்கூலிக்குச் செல்பவர்கள். அவர்கள்மீது கட்டணச் சுமையை ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

கட்டண வருவாயை மட்டும் கணக்கில் கொண்டு கடன் தரும் வங்கிசாரா நிதி நிறுவனங்களை அணுகிய தாளாளர்கள் இங்கிருந்தால், வட்டி எவ்வளவு, வருவாயே இல்லாத கோடை மாதங்களில் தவணையை எவ்வாறு செலுத்துகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.