பதினேழு வயதுப் பையன்களின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து யார் தேறுவான் என்று சொல்ல முடியுமா?

முல்லைநகர் இடதுகால்:
சொல்ல முடியும் என்பது என் கட்சி. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

2017 அக்டோபர் 28 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தொடரில் கொச்சிக்கும் குவாஹாட்டிக்கும் ஆட்டங்கள் கிடைத்தன. சென்னைக்கு ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை. வட சென்னையின் வியாசர்பாடியே கால்பந்தில் மூச்சுவிடும் ஊர், நாங்களோ தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆற்றாமை இன்னும் எனக்கு அடங்கவில்லை, அது கிடக்கட்டும்.

ஸ்பெயினின் செர்ஹியோ கோமெஸ் 31 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்து ஐந்து கோல் அடித்து 5-2 என்று கோப்பையைத் தூக்கியது. அதில் இரண்டு ஃபில் ஃபோடன் அடித்தவை. ஆனால் கோல்களை மறந்துவிட்டு, பந்து அவரிடம் வருவதற்கு முந்தைய இரண்டு வினாடிகளை மட்டும் பாருங்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துவிடுகிறார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டுதான் பந்தை வாங்குகிறார். எனவே அடக்கிய மறுகணமே கோலை நோக்கி நிற்கிறார். மற்றவர்கள் பந்து காலில் பட்ட பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

அதே ஃபோடனும், அன்று 84ஆவது நிமிடத்தில் கோல் அடித்த தடுப்பாட்டக்காரர் மார்க் கெஹியும், 2024 ஜூலை 14 அன்று பெர்லினில் நடந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்காக முதல் பதினொருவரில் இறங்கினார்கள். கண் இருப்பவருக்கு 2017இலேயே தெரிந்திருக்கும்.

பெரம்பூர் பயிற்சியாளர்:
தம்பி, விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள். ஃபோடன் ஃபோடனான பிறகு பழைய பதிவில் எதைத் தேடினாலும் கிடைக்கும்.

அன்று அந்தத் தொடரில் எல்லார் வாயிலும் இருந்த பெயர் ரியன் பிரூஸ்டர். காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக மூன்று கோல், அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக மூன்று கோல், மொத்தம் 8 கோல். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்குத்தான். 2020இல் ஷெஃபீல்டு யுனைடெட் அவரை இரண்டு கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. முதல் பருவத்தில் பிரீமியர் லீக்கில் அவரால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. வாங்கியவர்கள் ஆட்டம் தெரியாதவர்களா?

இன்னும் பின்னால் போங்கள். 1991இல் இத்தாலியில் நடந்த இதே வயதினருக்கான உலகப் போட்டியில் கானாவின் நீ லாம்ப்டே சிறந்த வீரர். பெலேயே தன் வாரிசு என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு கிளப் கிளப்பாக, நாடு நாடாக அலைந்ததுதான் மிச்சம். அவர் திறமையில் குறை இல்லை. பதினேழு வயதுப் பையன்மேல் உலகம் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. அதைச் சுமக்க வேண்டியவன் அந்தப் பையன்தான்.

முல்லைநகர் இடதுகால்:
அண்ணா, பிரூஸ்டர் விஷயத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். 2018 ஜனவரியில் இளையோர் ஆட்டம் ஒன்றில் பட்ட காயத்தால் அவர் ஓராண்டுக்கும் மேல் களத்துக்கே வரவில்லை. வளர வேண்டிய வயதில் ஓராண்டு போனால் யாருக்கும் அடிதான். காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று நான் சொல்லவே இல்லை.

லாம்ப்டேயைச் சொன்னீர்கள். 2003இல் அதே விருதை வாங்கியவர் செஸ்க் ஃபாப்ரிகாஸ், 2007இல் வாங்கியவர் டோனி குரோஸ். இருவருமே பின்னாளில் உலகக் கோப்பை வென்றவர்கள். இருவருக்குமே பெயர் வாங்கித் தந்தது பந்து வருமுன் சுற்றிலும் பார்த்துவிடும் அந்தப் பார்வைதான், ஓட்டமோ உடம்போ அல்ல. நார்வேயின் கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர், வீரர்கள் பந்தை வாங்குவதற்கு முன் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோ எடுத்து எண்ணியவர். அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ் அதிகம் சரியாகப் போய்ச் சேர்வதைக் காட்டியிருக்கிறார். நான் சொல்வது வெறும் ரசிகன் பிதற்றல் இல்லை.

தண்டையார்பேட்டை தாய்:
நான் ஆட்டம் ஆடியவள் இல்லை. என் மகன் ஆடுகிறான். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

போன ஆண்டு ஒரு தேர்வு முகாமுக்குக் கூட்டிப்போனேன். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். பையன்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒருவர் கையில் அட்டையோடு வரிசையின் முன்னால் நடந்துபோனார். தோள் உயரத்தைப் பார்த்து, சிலரைத் தொட்டுத் தொட்டு இந்தப் பக்கம் வரச் சொன்னார். பந்தே உள்ளே வரவில்லை. என் மகன் டிசம்பர் மாதம் பிறந்தவன். அவனோடு ஒரே பிரிவில் நின்றவர்களில் சிலர் ஜனவரியில் பிறந்தவர்கள், மீசை அரும்பியிருந்தது. பிறகு ஒரு சின்ன ஆட்டம் வைத்தார்கள். அவன் பந்தைத் தொட்டது இரண்டோ மூன்றோ முறை. அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: “உயரமாவதற்கு என்னம்மா சாப்பிட வேண்டும்?” இடதுகால் தம்பி சொல்லும் கழுத்துத் திருப்பலை அந்த அட்டைக்காரர் பார்த்திருப்பாரா?

ராயபுரம் ரசிகை:
அக்கா சொல்வது உலகம் முழுக்க நடப்பது. வயதுப் பிரிவு ஜனவரி 1 என்று கோடு போட்டால், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அளவுக்கு மீறி நிறைந்துவிடுகிறார்கள். பதின்மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது ஒரு பெரிய உடம்பு வித்தியாசம். அதைத் திறமை என்று நம்பிவிடுகிறோம். வயதை மாற்றிச் சொல்பவர்களைப் பிடிப்பதற்கு ஃபிஃபா 2009 முதல் இந்தத் தொடரில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறது. ஆனால் நேர்மையான ஜனவரிப் பையனுக்கும் நேர்மையான டிசம்பர்ப் பையனுக்கும் உள்ள இடைவெளியை எந்த ஸ்கேனும் சரிசெய்யாது.

2017 தொடருக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. இறுதிப் போட்டியில் ஃபோடனின் முதல் கோலுக்குப் பந்து கொடுத்த கேலம் ஹட்சன்-ஓடோய் பிறந்தது 2000 நவம்பர் 7. களத்தில் பலரையும்விட மாதக்கணக்கில் இளையவர். உடம்பால் மோத முடியாத சின்னவன் அந்த மட்டம்வரை தாக்குப்பிடித்திருக்கிறான் என்றால், அவனிடம் ஏதோ கூடுதலாக இருக்கிறது. ஒரு இளையோர் ஆட்டத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது பிறந்த தேதிகளைத்தான். அந்தப் பட்டியல் இல்லாமல் யாரையும் எடைபோட எனக்கு மனம் ஒப்பாது.

பெரம்பூர் பயிற்சியாளர்:
இந்த அம்மா சொன்ன அட்டைக்காரருக்கும் தம்பிக்கும் எனக்கு ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. அவர் தோளைப் பார்க்கிறார், தம்பி கழுத்தைப் பார்க்கிறார். இருவருமே ஒரே ஆட்டத்தில் முடிவுகட்டுகிறார்கள்.

நம் இந்திய அணியையே பாருங்கள். 2017 அக்டோபர் 9, டெல்லி, கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டம். 82ஆவது நிமிடத்தில் ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோல், ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல். எழுந்து நின்று கத்தாதவர் யார்? அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி அடித்து 2-1 என்று வென்றது. கொண்டாட்டத்தில் கவனம் சிதறிய அந்த ஒரு நிமிடத்தை வைத்து, இவர்கள் தேறமாட்டார்கள் என்று எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தார்கள். ஜீக்சன் பிறகு பெரியவர்களின் இந்திய அணிக்கே ஆடினார். கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பில் ஆண்டுக்கணக்கில் ஆடி வளர்ந்ததுதான் அதற்குக் காரணம், அந்தக் கோல் அல்ல.

வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி. கிளப்புக்காகக் கோல் அடித்தபோது நம் தெருக்கள் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு நாள் தேர்வில் முளைத்தவரா? மண் தரையில், பிற்பகல் வெயிலில், யாரும் பார்க்காத நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த பெரியவர்கள் இங்கே இருந்தார்கள். அந்தப் பொறுமைதான் தேர்வு.

முல்லைநகர் இடதுகால்:
அந்தக் கொலம்பியா ஆட்டத்தையே என் கண்ணால் பாருங்கள் அண்ணா. எல்லாரும் ஜீக்சனின் உயரத்தைப் பேசினார்கள். அந்த கார்னரை அளந்து வைத்தது சஞ்சீவ் ஸ்டாலினின் இடதுகால். உயரத்தைப் பார்க்கிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார். இதைத்தான் நான் அடித்துச் சொல்கிறேன்: பார்க்கக் கற்றுக்கொண்டவர் முகாமில் நின்றிருந்தால், இந்த அக்காவின் மகனைத் தோள் உயரத்தை வைத்தே திருப்பி அனுப்பியிருக்க மாட்டார். பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதம் பொறுமையாகத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்?

தண்டையார்பேட்டை தாய்:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்த வேண்டாம், ஆனால் இடையில் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். அடுத்த முகாம் வரப்போகிறது. அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?

ராயபுரம் ரசிகை:
முகாம் நடத்துபவர்களுக்கு எழுத்தில் கேட்போம் அக்கா. ஒரே நாளில் முடிக்காமல் பல வாரங்களில் பல ஆட்டங்கள் வைக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன்வரை பிறந்தவர்களுக்குத் தனி ஆட்டம், ஜூலை முதல் டிசம்பர்வரை பிறந்தவர்களுக்குத் தனி ஆட்டம், பிறகு கலந்து ஒன்று. பந்தைக் காலில் வாங்காத எந்தப் பையனையும் வெளியே அனுப்பக் கூடாது. கையெழுத்துப் போட யார் யார் தயார்?

பெரம்பூர் பயிற்சியாளர்:
முதல் கையெழுத்து என்னுடையது. என்னிடம் வரும் பையன்களின் பெற்றோர்களிடமும் வாங்கித் தருகிறேன்.

முல்லைநகர் இடதுகால்:
என் பெயரையும் சேருங்கள். ஆனால் இன்னொரு கோரிக்கையையும் எழுத வேண்டும்: பையன் பந்தை வாங்குவதற்கு முன் என்ன செய்தான் என்று குறித்துக்கொள்ள, அந்த அட்டையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதைச் சேர்க்காத மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெரம்பூர் அண்ணா மறுப்பார் என்று தெரியும். மறுக்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.